உதட்டுக் கொப்புளமும் மலைநாட்டு மருத்துவ வரலாறும்

நோய்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொள்ளைநோய்களையே பொருளாகக் கொள்வர். வாந்திபேதி, அம்மை, மலேரியா என்பன ஊர்களை அழித்தன, அரசுகளை அசைத்தன, சட்டங்களைப் பிறப்பித்தன. ஆதலின் அவை வரலாற்றில் இடம்பெற்றமை இயல்பே. ஆயின், எவரையும் கொல்லாது, எவரது வேலையையும் முற்றாக நிறுத்தாது, மனித குலத்தின் பெரும்பகுதியினரோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சிறுநோய்களும் உள. உதட்டின் ஓரத்திலே சிறுசிறு நீர்க்கொப்புளங்களாகத் திரண்டு, உடைந்து, பொருக்குத் தட்டி, ஏழு முதல் பத்து நாள்களில் மறைந்து, சில மாதங்களின் பின் அதே இடத்தில் மீண்டும் தோன்றும் உதட்டுக் கொப்புளம் அத்தகையதொன்றாகும். இந்நோயை மனிதர் எவ்வாறு விளங்கிக்கொண்டனர், எவ்வாறு அதற்கு மருந்து கண்டனர், மலைநாட்டு மக்களின் வாழ்வில் அது பெறும் இடம் யாது என்பவற்றை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைவோர், சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் நிற்பர். மார்கழிப் பௌர்ணமி தொடக்கம் வைகாசிப் பௌர்ணமி வரையுள்ள யாத்திரைப் பருவத்தில், இரவெல்லாம் குளிரிலும் காற்றிலும் படியேறி, 2,243 மீற்றர் உயரத்தில் சூரியோதயத்தைக் கண்டு இறங்கும் அடியார்களுள் சிலருக்கு, ஊர் திரும்பிய ஓரிரு நாள்களில் உதடு கொப்புளிப்பதுண்டு. அம்மலையைச் சுற்றிய சரிவுகளில் வெயிலிலும் பனியிலும் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அதுவே ஆண்டு முழுவதற்கும் உரிய அனுபவம். யாத்திரிகர் இதனை மலைக்குளிரின் விளைவென்பர். தோட்டத்து மக்கள் உடற்சூடு என்பர். இரவிலே பூச்சி ஊர்ந்தது என்பாரும் உளர். இம்மூன்று கூற்றுகளிலும் ஓரளவு உண்மையும் ஓரளவு மயக்கமும் கலந்திருத்தலைப் பின்னர்க் காண்போம்.

சொல்லும் நோயும்

மேலை மருத்துவத்தில் இந்நோய்க்கு வழங்கும் ஹேர்பீஸ் என்னும் பெயர் கிரேக்கச் சொல்லாகும். ஊர்தல் எனப் பொருள்படும் வினையடியிலிருந்து அது பிறந்தது. ஹிப்போக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில், தோலில் ஊர்ந்து பரவும் பலவகைப் புண்களையும் அச்சொல் குறித்தது. அக்கிரேக்க வினையும், வடமொழியில் ஊர்தலைக் குறிக்கும் வினையும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை என்பது மொழியியலாளர் கொள்கை. எனவே நாம் பாம்பைக் குறிக்க வழங்கும் சர்ப்பம் என்ற சொல்லும், ஆயுர்வேத நூல்கள் பரவும் தோல்நோயொன்றிற்கு இட்ட விசர்ப்பம் என்ற பெயரும், மேலைநாட்டார் உதட்டுக் கொப்புளத்துக்கு இட்ட பெயரும் உறவுடைய சொற்களே. ஊர்ந்து வருவது என்ற ஒரே உவமை இரு வேறு நாகரிகங்களில் நோய்ப்பெயராகியமை சிந்திக்கற்பாலது.

தமிழர் வழக்கில் இவ்வகைக் கொப்புளங்களுக்கு அக்கி என்பது பெயர். உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளித்து எரியும் நோயையே அச்சொல் சிறப்பாகக் குறிப்பினும், உதட்டிலும் முகத்திலும் தோன்றுவனவற்றையும் மக்கள் அக்கியென்றே அழைத்தனர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் குயவர் குலத்தவர் காவிமண்ணைக் குழைத்துக் கொப்புளங்களைச் சுற்றிச் சிங்கம் முதலிய உருவங்களை வரையும் ‘அக்கி எழுதுதல்’ என்னும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அக்கி உடலை முற்றாகச் சுற்றிவளைத்துத் தலையும் வாலும் கூடினால் உயிருக்கு ஆபத்து என்ற நம்பிக்கையிலும் பாம்பின் சாயலைக் காணலாம்.

இவ்வழக்கத்தை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் இரண்டு விடயங்கள் கருதத்தக்கன. ஒன்று, உடலிற் பட்டையாகத் தோன்றும் அக்கியும் உதட்டுக் கொப்புளமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு வைரசுகளால் உண்டாவன என்பதை இன்றைய அறிவியல் கூறுகிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்த மக்களின் கூர்த்த நோக்கு பிழையானதன்று. மற்றையது, இக்கொப்புளங்கள் எவ்வித மருத்துவமும் இன்றியே நாளடைவில் ஆறும் இயல்பின. ஆதலால் எம்மருந்தைப் பூசினும் அம்மருந்தே நோயைத் தீர்த்ததாகத் தோன்றும். காவிமண்ணுக்கும் மஞ்சளுக்கும் தேனுக்கும் மட்டுமன்றி, பிற்கால மேலை மருத்துவத்தின் பல மருந்துகளுக்கும் இவ்வாறே புகழ் கிடைத்தது.

காய்ச்சலின் அடையாளம்

உதட்டுக் கொப்புளத்தைக் காய்ச்சலோடு இணைத்துக் காணும் மரபும் பழையது. காய்ச்சல் வாய்வழியே வெளியேறியது என்ற நம் முதியோர் கூற்றுக்கு இணையான கருத்து ஐரோப்பாவிலும் இருந்தது. நுரையீரல் அழற்சியிலும் மலேரியாவிலும் உதடு கொப்புளித்தல் மிகுதி. நெருப்புக் காய்ச்சலில் அரிது. இரத்தப் பரிசோதனை வசதிகள் பரவுமுன், நோயாளியின் உதட்டைப் பார்த்தே இக்காய்ச்சல்களைப் பிரித்தறிய முற்பட்ட மருத்துவர் பலர். எனவே இச்சிறு கொப்புளம் ஒரு காலத்தில் பெருநோய்களைக் காட்டும் குறியாகவும் பயன்பட்டது.

இந்நிலையில் மலைநாட்டுத் தோட்டங்களின் மருத்துவ ஏற்பாடுகளை நோக்குதல் பொருந்தும். கோப்பிக் காலத்திலும், 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைத் தோட்டப் பயிராக்கிய பின்னரும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பாதையிலும் தோட்டத்திலும் பெருந்தொகையாய் மடிந்தனர். அதன் பயனாகவே 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டமும், அதன் தொடர்ச்சியாக 1912ஆம் ஆண்டு 9ஆம், 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டங்களும் தோன்றின. மாவட்ட வைத்தியசாலைகளும் தோட்ட டிஸ்பென்சரிகளும் இவ்வாறு எழுந்தவையே. மண்டபம் முகாமில் தொழிலாளர் தடுத்துவைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு அனுப்பப்பட்டனர். 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் றொக்பெல்லர் நிறுவனத்தார் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர்.

இவ்வேற்பாடுகளால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையன்று. எனினும் அவற்றின் நோக்கெல்லையையும் நாம் உணரவேண்டும். பிறருக்குப் பரவித் தோட்டத்தைப் பாழாக்கும் நோயும், தொழிலாளியைப் பிரட்டுக்கு வரவிடாது தடுக்கும் நோயுமே தோட்ட மருத்துவத்தின் கண்ணுக்குப் புலனாயின. உதட்டுப் புண்ணோடு வந்தவர் கொழுந்து பறிக்க வல்லவரே. அவரது பேர் வழமைபோல் விழும். அத்தகைய நோவுகளுக்கு அறிக்கைகளிலே தலைப்பு இல்லை. உழைப்பைக் குறைப்பது நோய், குறைக்காதது நோயன்று என்ற அளவுகோலால் எழுதப்பட்ட ஏடுகளைக் கொண்டு ஒரு மக்களின் உடல்நல வரலாற்றை எழுத முற்படும் மாணவர் இக்குறையை மனங்கொள்ளல் வேண்டும்.

1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களே பேரழிவைக் கண்டன; உயர்ந்த மலைப்பகுதிகள் பெரும்பாலும் தப்பின. அக்காலத்தில் கிராமங்களில் நிவாரணப் பணி புரிந்த சூரியமல் இயக்கத்தாருள் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முக்கியமானவர். கொயினாவோடு, ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் மாமைற் என்னும் சத்துப் பொருளையும் அவ்வியக்கத்தார் மக்களுக்கு வழங்கினர். காய்ச்சலால் இறந்தோர் வெறும் காய்ச்சலால் மட்டும் இறக்கவில்லை, பட்டினியாலும் இறந்தனர் என்பதை அப்பணி புலப்படுத்தியது.

கொப்புளமும் கடைவாய்ப் புண்ணும்

உணவுக் குறைபாடு பற்றிய செய்தி நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. வாயோரத்துப் புண் எல்லாம் ஒன்றல்ல. வாயின் இரு கடைகளிலும் தோல் வெடித்து, வெளிறி, திறக்கும்போது வலிக்கும் கடைவாய்ப் புண் வேறு. உதட்டின் ஓரத்தில் ஒரு பக்கமாகக் கொத்தாய்த் திரளும் நீர்க்கொப்புளம் வேறு. நீலகிரியில் குன்னூரிலிருந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தில் அய்க்ரொயிட், கிருஷ்ணன் என்னும் இருவரும் தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணப்பட்ட வாய்ப்புண்ணை ஆராய்ந்து, அது விற்றமின் பி2 தொகுதியின் குறைவால் உண்டாவது என 1936ஆம் ஆண்டில் எழுதினர். அரிசியே உணவாய், பாலும் பருப்பும் கீரையும் அரிதாயிருந்த குடும்பங்களில் அப்புண் மிகுதியாயிருந்தது. இரும்புச் சத்துக் குறைவாலும் கடைவாய் வெடிக்கும். கொளுக்கிப்புழுவாலும் அடிக்கடி கருவுறுதலாலும் இரத்தம் குன்றிய தோட்டப் பெண்களுக்கு இது புதியதன்று.

இவ்வேறுபாட்டை ஏன் இத்துணை வற்புறுத்தவேண்டும் என வினவலாம். உதட்டுக் கொப்புளம் செல்வர்க்கும் வறியவர்க்கும் பொதுவான தொற்று. கடைவாய்ப் புண்ணோ பெரும்பாலும் வறுமையின் எழுத்து. இரண்டையும் ‘சூடு’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடும்போது, உணவால் தீர்க்கவேண்டியதை எண்ணெய் பூசித் தீர்க்க முயல்கிறோம். பெயரிடுவதில் நேரும் பிழை, மருந்திடுவதிலும் பிழையாகிறது.

உறங்கும் வைரசு

உதட்டுக் கொப்புளத்தின் காரணத்தைக் கண்டறிந்த வரலாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீண்டது. அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றவல்லது என்பதை 1873ஆம் ஆண்டில் பிரான்சிய மருத்துவர் விடால் காட்டினார். 1912ஐ அடுத்த ஆண்டுகளில் ஜெர்மானியக் கண் மருத்துவர் குறூற்றர், மனிதரின் கண்புண்ணிலிருந்து எடுத்த பொருளால் முயலின் விழிவெண்படலத்தில் அதே நோயை உண்டாக்கினார். 1919இல் லோவென்ஸ்ரைன் உதட்டுக் கொப்புள நீரைக்கொண்டும் அவ்வாறே செய்து காட்டவே, கண்ணில் வருவதும் உதட்டில் வருவதும் ஒரே நோயென்பது தெளிவாயிற்று.

எனினும் ஒரு புதிர் எஞ்சியது. ஒருமுறை வந்தால் உடல் எதிர்ப்புச் சக்தி பெறுதலே தொற்றுநோய்களின் பொது இயல்பு. உதட்டுக் கொப்புளமோ வந்தவருக்கே, வந்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் வருகிறது. எவரோடும் பழகாது தனித்திருப்பவருக்கும் வருகிறது. இடைக்காலத்தில் அந்தக் கிருமி எங்கே போகிறது?

விடை நரம்பில் இருந்தது. முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பில் அறுவை செய்யப்பட்டோருக்கு உதடு கொப்புளித்தலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறுவை மருத்துவர் குஷிங் கண்டிருந்தார். வைரசு நரம்பு வழியே பயணஞ் செய்கிறது என்பதை 1920களில் குட்பாஸ்ரர் விலங்குகளிற் காட்டி, நரம்புத் திரட்டில் அது தங்கியிருக்கலாம் என்ற கருத்தையும் வெளியிட்டார். 1939ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய அறிஞர் பேர்னற், வில்லியம்ஸ் என்போர் இதற்கு முழு விளக்கம் தந்தனர்: குழந்தைப் பருவத்தில் முதற்றொற்று ஏற்படுகிறது, பெரும்பாலோருக்கு அது தெரியாமலே கழிகிறது, சிலருக்கு வாய் முழுதும் புண்ணாகிக் காய்ச்சல் காய்கிறது, பின்னர் வைரசு உடலைவிட்டு நீங்காது வாழ்நாள் முழுதும் தங்குகிறது. 1971இல் ஸ்ரீவன்ஸ், குக் இருவரும் சுண்டெலிகளின் நரம்புத் திரட்டில் உறங்கும் வைரசை வெளிக்கொணர்ந்தனர். அடுத்த ஆண்டுகளிலே மனித நரம்புத் திரட்டுகளிலிருந்தும் அது பிரித்தெடுக்கப்பட்டது.

ஆகவே புதிய கொப்புளம் என்பது பெரும்பாலும் புதிய தொற்றன்று, உறங்கியது விழித்தலே. காய்ச்சல், கடுங்களைப்பு, மனவழுத்தம், மாதவிடாய், உதட்டுக் காயம், வெயில் என்பன அதனை எழுப்புகின்றன. சூரியனின் புறஊதாக் கதிரைச் செயற்கையாகப் பாய்ச்சியே கொப்புளத்தை வரவழைக்கலாம் என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் கூடும்போதும் இக்கதிரின் வலு ஏறத்தாழ 10 வீதம் உயரும். மலையுச்சியிற் குளிர்ந்த காற்று வெயிலின் சூட்டை உணரவிடாது மறைப்பினும், கதிர் தன் தொழிலைச் செய்துகொண்டேயிருக்கிறது. சிவனொளிபாதமலையிலிருந்து பகல் வெயிலில் இறங்கும் யாத்திரிகர் குளிரைக் குறைகூறுகின்றனர். குற்றத்திற் பெரும்பங்கு வெயிலுடையதாயிருக்கலாம். நம் முதியோர் சூடு என்றது காரணத்தைத் தொட்டது. ஊர்ந்தது என்றது வழியைத் தொட்டது. ஆனால் ஊர்ந்தது வெளியிலிருந்து வந்த பூச்சியன்று, உள்ளிருந்து நரம்பு வழியே இறங்கிய வைரசு.

மருந்தின் வரலாறு

காரணம் விளங்கிய பின்னும் மருந்து எளிதிற் கிட்டவில்லை. அம்மைப்பாலை மீண்டும் மீண்டும் குத்துதல் இந்நோயைத் தடுக்கும் என இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல மருத்துவர் நம்பினர். முறையான ஒப்பீட்டுச் சோதனைகள் அந்நம்பிக்கையைப் பொய்ப்பித்தன. 1970களில் சாயத்தைப் பூசி ஒளிபாய்ச்சும் முறை தோன்றி மறைந்தது. காவி பூசியவரை நகைத்தோர், சாயம் பூசியோரையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

வைரசு மனிதக் கலத்தினுள் வாழ்வதால், கலத்தைக் கெடுக்காது வைரசை மட்டும் தாக்கும் மருந்து இயலாது என்பதே நெடுங்காலக் கருத்தாயிருந்தது. 1959இல் புறூசொவ் ஆக்கிய ஐடொக்சியூரிடின் 1962இல் கண்ணில் வரும் இந்நோய்க்குப் பயன்பட்டது. எனினும் அது உடல் முழுதுக்கும் கொடுக்கத் தகாத நச்சுத்தன்மை உடையது. 1970களின் இறுதியில் கேர்ட்றூட் எலியனும் அவருடன் உழைத்தோரும் வெளிப்படுத்திய அசைக்குளோவிர் நிலைமையை மாற்றியது. இம்மருந்து வைரசின் நொதியால் மட்டுமே செயலூக்கம் பெறுகிறது. பூட்டைத் திறக்கும் சாவியை வைரசே வைத்திருப்பதால், தொற்றில்லாத கலங்களில் மருந்து பெரும்பாலும் வாளாவிருக்கிறது. தொற்றுற்ற கலங்களில் வைரசின் டி.என்.ஏ. வளர்ச்சியை நிறுத்துகிறது. முனைவர் பட்டம் பெறாத, பெண் என்பதால் இளமையில் ஆய்வுகூட வேலை மறுக்கப்பட்ட எலியன் 1988ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆயினும் அசைக்குளோவிர் உறங்கும் வைரசை அழிப்பதில்லை. உதட்டில் குறுகுறுப்பும் எரிவும் தோன்றிய முதல் சில மணித்தியாலங்களில் தொடங்கினாற்றான் பயன் உண்டு. களிம்பாகப் பூசினால் ஆறுங்காலம் ஒரு நாளளவே குறையும். மாத்திரை அதனினும் நன்மை தரும். இம்மருந்தின் காப்புரிமைக் காலம் முடிந்து, பொதுப்பெயரில் மலிவாகக் கிடைப்பது ஏழை நாடுகளுக்குப் பெரும் பேறு. பொதுப்பெயரால் மருந்தை வாங்கி வழங்கும் கொள்கையை உலகுக்குக் காட்டியவருள் நம் பேராசிரியர் சேனக பிபிலே முன்னணியில் நிற்பவர். பேராதனை மருத்துவ பீடத்தின் முதலாவது பீடாதிபதியான அவர் 1971ஆம் ஆண்டில் மருந்துக் கொள்கை அறிக்கையைத் தயாரித்தபோது உடன் உழைத்தவர், மலேரியாக் காலத்தில் கிராமங்களில் நின்ற அதே டாக்டர் விக்கிரமசிங்கவே. அவ்வாண்டிலே அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று.

இன்று வேண்டுவது

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 50 வயதுக்கு உட்பட்ட மக்களுள் 370 கோடிப் பேர், அதாவது மூன்றில் இரு பங்கினர், உதட்டுக் கொப்புளத்துக்குரிய முதலாம் வகை வைரசைத் தாங்கியுள்ளனர். பெரும்பாலோர் அதனைப் பெற்றது குழந்தைப் பருவத்தில், தாயோ பாட்டியோ இட்ட முத்தத்தால். 1962இல் ஷ்னெவைஸ் இரண்டாம் வகையைப் பிரித்துக் காட்டிய பின், ஹேர்பீஸ் என்ற பெயர் பாலியல் நோய்ப்பெயராகப் பரவியது. அதனால் உதடு கொப்புளித்த இளம்பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறும் அறியாமையும் உடன் பரவியது. தோட்டத்து லயங்களில் இத்தகைய பேச்சு ஒரு வாழ்வையே கெடுக்கவல்லது. பெரும்பாலோர் குழந்தையிலே பெறும் ஒரு தொற்றில் வெட்கத்துக்கு இடமேது?

அஞ்சவேண்டிய இடங்கள் சிலவே; ஆனால் அவற்றில் அலட்சியம் ஆகாது. பிறந்த சில வாரங்களுக்குட்பட்ட சிசுவை, உதடு கொப்புளித்தவர் முத்தமிடலாகாது. அச்சிசுவுக்கு இத்தொற்று உயிரைப் பறிக்கும் நோயாகலாம். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தொடலாகாது. விழிவெண்படலத்திற் பற்றினால் பார்வை கெடும். கண் சிவந்து வலித்தால் கடையில் வாங்கிய ஸ்ரெரொயிட் சொட்டு மருந்தை இடாது மருத்துவரை நாடவேண்டும். பொருக்கு உலரும்வரை கோப்பை, துவாய் முதலியவற்றைப் பகிராதிருத்தலும், வெயிலில் வேலைசெய்வோர் தலைத்துணியை முன்னிழுத்து உதட்டுக்கு நிழலளித்தலும் செலவில்லாத தடுப்பு முறைகள். இரு வாரங்களில் ஆறாத புண்ணையும், இரு கடைவாயும் வெடித்த புண்ணையும் தனித்துக் காட்டி ஆராயவேண்டும்.

இவற்றை யார், எம்மொழியில் சொல்வது என்பதே இறுதி வினா. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் மருத்துவம், நெடுங்காலம் தேசிய சுகாதார சேவைக்குப் புறத்தே தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டது. 1990களிலேதான் தோட்ட வைத்தியசாலைகளை அரசு கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. கட்டடம் கைமாறினாற் போதாது. நோயாளியின் சொல் மருத்துவருக்கு விளங்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் மானிப்பாயிலிருந்து பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த முயற்சி அவருக்குப் பின் தொடராது நின்றமை நம் குறையே.

சூடு என்ற சொல்லோடு வரும் தாய்க்கு, அச்சொல்லை இகழாது, அதிலுள்ள உண்மையை ஏற்று, அதிலுள்ள மயக்கத்தை அவளது மொழியிலேயே நீக்கவல்ல மருத்துவரையும், ஏட்டில் தலைப்பில்லாத நோவுகளையும் வரலாறாகக் கருதும் மாணவரையும் பல்கலைக்கழகங்கள் உருவாக்கவேண்டும். கொழுந்துக் கூடையோடு டிஸ்பென்சரி வாயிலில் நிற்கும் பெண்ணின் உதட்டை உற்றுநோக்கி, இது கொப்புளமா, குறையுணவின் வெடிப்பா எனக் கேட்கும் ஒரு கேள்வியிலேயே அவ்வரலாறு தொடங்குகிறது.